பழைய நூல் சேலை கையில இருக்கு: கால்மிதியா, போர்வையா, பையா, இல்ல பேப்பர் கூடையா?

போன வருஷம் சித்திரையில அம்மா வீட்டு பீரோவை ஒழிச்சோம். அப்பத்தா கட்டுனது, அம்மா கட்டுனது, சின்னம்மா எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போனதுன்னு எல்லாம் சேர்த்து 11 நூல் சேலை வெளிய வந்துச்சு. மூணு கண்டாங்கி, நாலு சுங்குடி, நாலு புல்வாயில் (மெல்லிசான வாயில் துணிச் சேலை). கட்டிலுக்கு அடியில ஒரு வருஷத்துப் பழைய பேப்பர் கட்டு வேற. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவுல வந்தப்போ கொண்டுபோய் காட்டுனேன், பட்டுச்சேலை இருந்தா கொடும்மா, இது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் மக்குதான் வரும்னுட்டார். அப்பத்தா கட்டுன சேலையை ஒரு மக்குக்குக் கொடுக்க மனசு வரல, அப்படியே அள்ளிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன்.

அதுல இருந்து ஒரு வருஷமா இந்தச் சேலைங்களையும் அந்தப் பேப்பரையும் வச்சு நாலு விதமா செஞ்சு பாத்துட்டேன். கால்மிதி, போர்வை, பை, அப்புறம் பேப்பர் கூழ் கூடை. செஞ்சது மட்டும் இல்ல, ஒரு வருஷம் வீட்டுல புழங்கியும் பாத்தாச்சு, துவைச்சும் பாத்தாச்சு. யார்கிட்ட சொன்னாலும் முதல்ல கேக்குறது இதுல எது ஈஸின்னுதான். ஈஸி முக்கியம்தான், ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு இருக்கு. கையில இருக்கிற துணி எந்த நிலைமையில இருக்கு, வீட்டுல நிஜமாவே எது வேணும். இந்த ரெண்டையும் பாத்துட்டா பாதி முடிவு தானா வந்துரும்.

முதல்லயே சொல்லிடறேன், பாட்டில் பெயின்டிங்கையும் ஒயர் கூடையையும் நான் இந்தக் கணக்குல சேர்க்கல. ஒயர் கூடை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பத்து வருஷம் உழைக்கும், ஆனா கட்டுக் கட்டா ஒயரைப் புதுசா காசு கொடுத்து வாங்கணும். பாட்டில் பெயின்டிங்குக்கு பெயின்ட், பிரஷ், வார்னிஷ்னு வாங்க ஆரம்பிச்சா செலவு எங்கயோ போயிரும், கடைசியில அது ஷோகேஸ்ல தூசி சேர்த்துக்கிட்டு நிக்கும். வீட்டுல இருக்கிற பழசைத் தீர்க்கிறதுக்காக கடையில போய் புதுசு வாங்குறது எனக்கு ஒப்பவே இல்ல. ஊசி, நூல், கத்தரிக்கோல், கொஞ்சம் வெந்தயம், இதுக்கு மேல எதுவும் வாங்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டுதான் ஆரம்பிச்சேன்.

சரி, துணியைப் பாக்குறது எப்படின்னா, சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. எங்க இத்துப்போயிருக்கோ அங்க வெளிச்சம் சல்லடை மாதிரி தெரியும். சேலை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது, காலடியில தரையில உரசுற கரையும் உக்காந்து உக்காந்து தேயுற பின்பக்கமும்தான் முதல்ல போகும். முந்தி பெரும்பாலும் கெட்டியா இருக்கும், இடுப்புல முதல்ல சொருகுற அந்த முனைப்பக்கம் சாயம்கூட போகாம புதுசு மாதிரியே இருக்கும். அப்புறம் துணியை ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவுல வச்சு சுண்டி இழுத்துப் பாருங்க. லேசா இழுக்கும்போதே சத்தமே இல்லாம பிரிஞ்சு வந்துச்சுன்னா அந்தத் துணி பைக்கு ஆகாது, கால்மிதிக்கும் ஆகாது, போர்வைக்கு உள்ள வைக்க மட்டும்தான் ஆகும். சுண்டுறப்போ டப்புன்னு சத்தம் வந்து தாங்குதுன்னா அது எதுக்கு வேணா ஆகும்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதை விட்டுடாதீங்க. ஓரத்துல ரெண்டு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. சுத்தமான பருத்தின்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு, தொட்டா உதிர்ற சாம்பலாயிடும். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி சின்ன மணி மாதிரி கெட்டியா உருண்டு நிக்கும். நாலு புல்வாயில்ல ஒண்ணு அப்படி மணி உருண்டுச்சு, இத்தனை வருஷமா அதையும் நூல் சேலைன்னுதான் நினைச்சுட்டு இருந்தோம். பாலியஸ்டர் தண்ணியை உறிஞ்சாது, அதனால கால்மிதிக்கு வேஸ்ட். சூடான பாத்திரம் பிடிக்கிற பிடிதுணியா அதைத் தச்சுடவே கூடாது, சூட்டுல உருகி கையில ஒட்டிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நெருப்புச் சோதனையைப் பண்ணிடுங்க.

பட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. அசல் சரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி தங்க முலாம் போட்டிருக்கும், பழசா இருந்தாலும் அதுக்கு விலை உண்டு. அதுல கத்தரிக்கோலை வச்சுடாதீங்க, நான் இங்க சொல்றதெல்லாம் நூல் சேலைக்கு மட்டும்தான்.

இப்போ கால்மிதி. முழுசா இத்துப்போகாம, ஆனா கட்டிக்க முடியாதபடி ஓட்டை விழுந்த சேலைக்கு இதுதான் சரி. கத்தரிக்கோல் முனையில மட்டும் மூணு இஞ்சுக்கு ஒரு வெட்டு போட்டா போதும், அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா சர்ர்ர்ருன்னு ஆறு கஜத்துக்கும் நூல் பிடிச்ச மாதிரி நேரா கிழிஞ்சு வரும், அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க. சேலை அகலம் ஏறக்குறைய 48 இஞ்சு, அப்போ மூணு இஞ்சு வீதம் 16 கீத்து வரும். மூணு கீத்தை ஜன்னல் கம்பியில கட்டிட்டு ஜடை பின்னுற மாதிரி பின்ன வேண்டியதுதான், ஜடை பின்னத் தெரிஞ்ச யாருக்கும் இதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. கீத்து தீர்ந்தா அடுத்ததைச் சேர்க்கிறதுக்கு தையல்கூட வேண்டாம். ரெண்டு கீத்தோட முனையிலயும் பட்டன் ஓட்டை அளவுக்கு ஒரு கீறல் போடுங்க, பழைய கீத்தோட ஓட்டைக்குள்ள புது கீத்தோட ஓட்டை முனையை நுழைச்சு, புது கீத்தோட வாலை அதோட சொந்த ஓட்டைக்குள்ளயே விட்டு இழுத்தா சிக்குனு பிடிச்சுக்கும். மூணு கீத்தையும் ஒரே நீளத்துல ஆரம்பிக்காதீங்க, அப்படி ஆரம்பிச்சா மூணு முடிச்சும் ஒரே இடத்துல வந்து உருண்டையா துருத்திக்கிட்டு நிக்கும்.

பின்னுறது ஜாலியான வேலை, ரெண்டு மூணு சாயங்காலத்துல முடிஞ்சுரும். கஷ்டம் சுத்தித் தைக்கிறதுலதான். முதல் கால்மிதியை நான் மடியில வச்சே சுத்திச் சுத்தித் தச்சேன், முடிச்சுத் தரையில போட்டா ஓரம் எல்லாம் மேல எழும்பி தாம்பாளம் மாதிரி நிக்குது. காரணம் என்னன்னா, வெளிய போகப் போக வட்டம் பெருசாகுது, அதுக்குத் தகுந்த மாதிரி பின்னலைத் தளர்வா விடாம நான் இழுத்து இழுத்துத் தச்சிருக்கேன். மொத்தத்தையும் பிரிச்சேன், ரெண்டாவது தடவை தரையில படுக்க வச்சு, பின்னலை இழுக்காம அதுபாட்டுக்குப் படிய விட்டு, அது படிஞ்ச இடத்துலயே தச்சேன், தட்டையா வந்துருச்சு. இப்பவும் மடியில வச்சுத் தைக்கிறதே இல்ல. ஒரு சேலைக்கு வாசல்ல போடுற அளவுல ரெண்டு கால்மிதி தாராளமா வருது.

காசு கணக்குன்னு பாத்தா தெருவுல கால்மிதி மூணு 100 ரூபான்னு கூவி விக்கிறாங்க, அதனால இதுல பணம் மிச்சம் பண்ணிட்டோம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கடை கால்மிதி நிறைய தண்ணியை உறிஞ்சாம தள்ளிவிடுது, பழைய நூல் சேலை நிமிஷத்துல உறிஞ்சுது. குறையும் இருக்கு, துவைச்சா கல்லு மாதிரி கனக்கும், ஐப்பசி கார்த்திகையில மூணு நாளானாலும் காயாது, பாதி ஈரத்தோட போட்டா வாடை வரும். அதனால மழைக்காலத்துக்கு மாத்திப் போட இன்னொண்ணு இல்லாம முடியாது.

இதைவிட முக்கியமான விஷயம் வழுக்குறது. எங்க பெரியம்மா பாத்ரூம் வாசல்ல கிடந்த கால்மிதியோட சேர்ந்து டைல்ஸ்ல சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆறு மாசம் படுக்கையில கிடந்தாங்க. அது கடையில வாங்குன கால்மிதிதான், ஆனா நாம செய்யறதும் அடியில துணிதானே, அப்படித்தான் வழுக்கும். பஞ்சர் கடையில பழைய சைக்கிள் டியூப் கேட்டா சும்மாவே தருவாங்க, அதை ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டையா வெட்டி அடியில நாலு இடத்துல நூலால தச்சுடுங்க, தரையைக் கவ்விப் பிடிச்சுக்கும். வயசானவங்க இருக்கிற வீட்டுல இது இல்லாம கால்மிதி போடவே போடாதீங்க.

கால்மிதி பெரிய வேலையா தெரிஞ்சா, அதே பின்னலை ஒரு முழம் ரெண்டு முழம் மட்டும் பின்னி பிரிமணை செஞ்சு பாருங்க. வைக்கோல் பிரிமணை மேல அப்பத்தா மண்பானை வைப்பாங்களே, அதேதான், துணியில. ஒரு மணி நேரத்துல முடியும், சூடான குக்கரை டைனிங் டேபிள் மேல தைரியமா வைக்கலாம். கை பழகறதுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியல.

போர்வைக்கு வர்றேன். நாலுலயும் என் மனசுக்குப் பிடிச்சது இதுதான், அதிக நேரம் இழுக்கிறதும் இதுதான். வங்காளத்துல காந்தான்னு சொல்றாங்க, மராட்டியில கோதடி, நாம கந்தைங்கிறோம், காந்தாவும் கந்தையும் ஒரே சொல்லுல இருந்து வந்ததுதான். எல்லா ஊர்லயும் விஷயம் ஒண்ணு, பழைய சேலையை அடுக்கடுக்கா வச்சு மேல ஓட்டுத் தையல் போடுறது. உள்ள பஞ்சு வைக்கிறது கிடையாது, அடுக்குதான் கனம். வங்காளத்துப் பொம்பளைங்க அந்தக் காலத்துல தைக்கிற நூலைக்கூட பழைய சேலை கரையில இருந்து உருவித்தான் எடுத்தாங்க. நானும் ஒரு சுங்குடி கரையில உருவிப் பாத்தேன், ரெண்டு மூணு இழையைச் சேர்த்து முறுக்குனா நல்லாவே தாங்குது, ஆனா பொறுமை வேணும், அதனால ஒரு ஓரத்துக்கு மட்டும் அந்த நூல், மீதிக்கு சாதா தையல் நூலை ரெட்டையா கோத்துக்கிட்டேன்.

கணக்கு இப்படி. ஆறு கஜம் சேலைன்னா 18 அடி. அஞ்சு அடி நீளத்துக்கு வெட்டுனா ஒரு சேலைக்கு மூணு துண்டு, ஓரத்துல மூணு அடி மிச்சம். ரெண்டு சேலை எடுத்தா ஆறு துண்டு. நல்லா இருக்கிற சுங்குடியில ரெண்டு துண்டு மேலயும் கீழயும், மூணாவது துண்டு உள்ள, இத்துப்போன புல்வாயில்ல இருந்து ரெண்டு துண்டு உள்ள, ஆக அஞ்சு அடுக்கு. ஆறாவது துண்டையும் வச்சா ஊசி இறங்க மாட்டேங்குது, விரல்தான் புண்ணாகும், விட்டுடுங்க. உள்ள போற துணியில ஓட்டை இருந்தா பரவாயில்ல, ரெண்டு அடுக்கோட ஓட்டையும் ஒரே இடத்துல வராம திருப்பிப் போட்டா போதும். சேலையோட அகலம் நாலு அடி அப்படியே இருக்கட்டும். அஞ்சுக்கு நாலு, ஒரு ஆள் போர்த்திக்கலாம்.

தைக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வெந்நியில ஊறப்போட்டு கஞ்சி சுத்தமா போற அளவுக்கு அலசிடணும், கஞ்சி இருந்தா ஊசி முறைக்கும். சாயம் போகுதான்னு பாக்க வெள்ளைத் துணியை நனைச்சு சேலை மேல அழுத்தித் தேய்ங்க, வெள்ளைத் துணி நிறம் மாறுனா அந்தச் சேலையைத் தனியா இன்னும் நாலஞ்சு தடவை அலசணும், இல்லன்னா முதல் துவையல்லயே கீழ இருக்கிற வெளிர் நிறம் கெட்டுப்போகும். நாலாவது சுங்குடியில எனக்கு இதுதான் நடந்துச்சு, எத்தனை தடவை அலசுனாலும் அரக்கு ஊறிக்கிட்டே வந்துச்சு, அதைப் போர்வையில சேர்க்காம கால்மிதிக்கு ஒதுக்கிட்டேன். அலசிக் காஞ்சதும் துணிகளைத் தரையில ஒண்ணு மேல ஒண்ணா சுருக்கம் இல்லாம விரிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குப் பெரிய பெரிய இழையா நூலோட்டம் போட்டுக்கணும். இந்த வேலையை சோம்பல்பட்டு விட்டுட்டா அடுக்கு ஒண்ணுக்கொண்ணு நகர்ந்து கடைசியில ஒரு மூலை துருத்திக்கிட்டு நிக்கும்.

இஞ்சுக்கு ஒரு வரி வீதம் 48 வரி. ஒரு வரி தைக்க எனக்கு 20 நிமிஷம் ஆச்சு, தினம் சாயங்காலம் விளக்கு வச்சதுக்கப்புறம் ஒண்ணோ ரெண்டோ வரி. மொத்தம் 16 மணி நேரம், ரெண்டு மாசத்துல முடிஞ்சுது. முதல் பத்து வரி கோணல் மாணலா போகும், அதைப் பிரிக்காதீங்க, துவைச்சதும் துணி சுருங்கி மேடு பள்ளமா ஒரு நெளிவு வரும் பாருங்க, அதுல கோணல் எல்லாம் ஒண்ணாக் கலந்துரும். அந்த நெளிவுதான் இந்தப் போர்வையோட அழகே. கைல எடுத்தா துணியில இன்னும் அம்மாவோட பீரோ வாசனை, ரசகற்பூரமும் மஞ்சளும் கலந்த மாதிரி, துவைச்சும் முழுசா போகல.

நம்ம ஊர் வெயிலுக்குப் போர்வை எதுக்குன்னு மதினி கேட்டாங்க, நியாயமான கேள்விதான். மதுரையில மார்கழி தை தவிர நிஜமா குளிர்ற நாள் கம்மி. ஆனா இது கம்பளி இல்ல, காத்து போகிற துணி, ஃபேனுக்கு அடியில போர்த்திக்கிட்டாலும் வேர்க்காது, ஏசி போடுற வீட்டுக்கு ரொம்பவே சரி. தரையில விரிச்சுப் படுக்கிறதுக்கும் இதுதான். குழந்தை பொறக்கப் போற வீடுன்னா யோசிக்கவே வேண்டாம், மூணுக்கு மூணு அடியில மூணே அடுக்கு போட்டுத் தச்சுக் கொடுங்க, பல வருஷம் துவைச்சு மெத்துனு ஆன நூல் துணியை விட பச்சைக் குழந்தைத் தோலுக்கு எது இதமா இருக்கும். ஒரு வேண்டுகோள், பட்டன், மணி, சம்கி எதையும் அதுல தைக்காதீங்க, குழந்தை வாயில போயிரும்.

பை விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கை தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணாங்க, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சுது, கோயம்பேடு மார்க்கெட்ல 10 ரூபா போட்டா மஞ்சப்பை வர்ற மெஷின்கூட வச்சாங்க. 10 ரூபாய்க்குக் கெட்டியான பை கிடைக்கும்போது பழைய சேலையில பை தைக்கலாமா? புல்வாயில்லயும் சுங்குடியிலயும்னா வேண்டாம்னுதான் சொல்வேன். நான் முதல்ல தச்சது புல்வாயில் பை, பாக்க அவ்வளவு அழகு, மார்க்கெட்ல ரெண்டு கிலோ வெங்காயம் போட்டதும் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள காது பிஞ்சு வெங்காயம் ரோட்டுல ஓடிச்சு.

கண்டாங்கி இருந்தா கதையே வேற. முரட்டு நூல், அழுத்தமான நெசவு, அகலமான கரை. உடம்புப் பகுதியை ரெட்டை மடிப்பா வச்சு, கரையை நாலா மடிச்சுக் காது தச்சா அரிசியே தூக்கலாம். காது சேர்ற இடத்துல ஒரு சின்னச் சதுரமா தச்சு, அந்தச் சதுரத்துக்குள்ள பெருக்கல் குறி மாதிரி குறுக்கால ரெண்டு தையல் போடுங்க, பை பிய்யறது எப்பவுமே அந்த இடத்துலதான். பைக்குத் துணியைக் கஞ்சி போட்டு வெட்டுனா வெட்டவும் தைக்கவும் சுலபம், போர்வைக்கு நேர் எதிர். கண்டாங்கி இல்லையா, பழைய பேன்ட் காலையோ ஸ்கூல் யூனிஃபார்மையோ எடுத்துக்கோங்க, அது சேலையை விட நூறு மடங்கு மேல். தையல் மெஷின் இல்லாதவங்களுக்கு பையை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், கைத்தையல்ல கனம் தாங்குற மாதிரி தைக்கிறது ரொம்பப் பொறுமை கேக்கும், தெரு டெய்லர்கிட்ட கொடுத்தா மஞ்சப்பை விலையைத் தாண்டிரும்.

புல்வாயில்ல பெரிய பை வேண்டாம், ஆனா சின்னதா சுருக்குப்பை மாதிரி தச்சு ஈரமாக்கிக் கீரையையும் கொத்தமல்லியையும் போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுக்கு அதைவிட நல்லது இல்ல, பிளாஸ்டிக் கவர்ல அழுகுற கீரை இதுல வாடாம நிக்குது. ஒரு சேலைக்கு எட்டு சுருக்குப்பையும் அஞ்சாறு பிடிதுணியும் எடுத்தேன். பிடிதுணிக்கு நாலஞ்சு மடிப்பு வச்சு நெருக்கமா தைங்க.

பேப்பர் கூடை எங்க ஊர்ப்பக்கம் பாட்டிங்க எல்லாரும் ஒரு காலத்துல செஞ்சது, இப்போ மறந்துட்டோம். பேப்பரைக் கிழிச்சு மூணு நாள் தண்ணியில ஊறப்போட்டு, தினம் தண்ணியை மாத்தி, நல்லா பிழிஞ்சு, ஊறவச்ச வெந்தயத்தோட சேர்த்து ஆட்டணும். ஒரு கிலோ பேப்பருக்கு 100 கிராம் வெந்தயம் போட்டேன், அதுதான் பசை, ஆட்ட ஆட்ட வழவழன்னு வந்து பிடிச்சுக்கும். சாப்பாட்டுக்கு வச்சிருக்கிற கிரைண்டர்லயும் மிக்ஸியிலயும் இதை ஆட்டாதீங்க, பேப்பர் மசி எல்லாம் அதுல ஏறும். வீட்டுல சும்மா கிடக்கிற பழைய ஆட்டுக்கல் இருந்தா அது போதும், இல்லன்னா கையாலயே பிசைஞ்சு உலக்கையால இடிக்கலாம், கொஞ்சம் முரடா வரும் அவ்வளவுதான். ஒரு குடத்தையோ அகலமான பேசினையோ கவுத்து, மேல ஈரத் துணியைப் போர்த்தி, கூழை அரை இஞ்சு கனத்துக்கு அப்பி, வெயில்ல வைக்கணும். நாலஞ்சு நாள் கழிச்சு பாத்திரத்தைக் கழட்டிட்டு உள்பக்கமும் ஒரு பூச்சு பூசி மறுபடி காயவிடணும்.

நல்ல வெயில் இருந்தா மட்டும்தான் இது. பங்குனி, சித்திரை, வைகாசி. மழைக்காலத்துல ஆரம்பிச்சா உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பூத்துரும், அப்புறம் அது குப்பைக்குத்தான். ஊறுற மூணு நாளும் வீட்டுல ஒரு வாடை இருக்கும், அதை முன்னாடியே வீட்டுல சொல்லிடுங்க. ஆனா லீவுல குழந்தைங்க வீட்டுல இருந்தா இந்த நாலுல இதுதான் அதுங்களுக்கு ஏத்தது, ஊசி இல்ல, கத்தி இல்ல, கையெல்லாம் கூழு. அண்ணன் பையன் ரெண்டு மணி நேரம் போன் கேக்காம உக்காந்து அப்புனான், அவன் விரல் பதிஞ்ச தடம் கூடையோட வெளிப்பக்கத்துல அப்படியே காஞ்சு நிக்குது, அது மேல பெயின்ட் அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

பாட்டிங்க இதுல அரிசி, வத்தல், வடகம் எல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. நான் வைக்கல. அச்சு மசி சாப்பாட்டுல சேரக்கூடாது, நியூஸ் பேப்பர்ல பலகாரம் மடிக்காதீங்கன்னு உணவுப் பாதுகாப்பைப் பாக்குற மத்திய அரசு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லயே சொல்லியாச்சு. பூண்டு வெங்காயத்தைத் தோலோட போட்டுக்கலாம், நூல்கண்டு, பொம்மை, சார்ஜர், கொலு சாமான் எல்லாம் போட்டு வைக்கலாம். தண்ணி பட்ட இடத்துல மறுபடி கூழாகிடும், அதனால அடுப்படி சிங்க் பக்கம் ஆகாது.

எதைச் செய்யறதுன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். வேலைக்குப் போறவங்க, வாரத்துல ஒரு நாள்தான் கையில இருக்குன்னா பிரிமணையில ஆரம்பிச்சு கால்மிதிக்குப் போங்க, பாதியில நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு எடுத்தாலும் பின்னல் அப்படியே இருக்கும். சாயங்காலம் டிவி முன்னாடி உக்கார்ற பழக்கம் இருக்குன்னா போர்வை, கண்ணு நல்லா தெரியணும், ஊசி பிடிக்கிற விரல்ல வலி இருக்கிறவங்க அதைத் தொடாதீங்க. மெஷினும் முரட்டுத் துணியும் ரெண்டும் இருந்தா மட்டும் பை. குழந்தையும் வெயிலும் மொட்டை மாடியும் இருந்தா கூடை. ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும், எதைச் செய்யட்டும்னு கேட்டா நான் போர்வைன்னுதான் சொல்வேன், மத்த மூணையும் கடையில வாங்கிக்க வழி இருக்கு, அம்மா கட்டுன சேலையில செஞ்ச போர்வையை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

என்னோட 11 சேலை எங்க போச்சுன்னும் சொல்லிடறேன். மூணு சுங்குடியில ரெண்டு, ரெண்டு புல்வாயிலோட ஜோடி சேர்ந்து ரெண்டு போர்வையாச்சு, மூணாவது சுங்குடியும் அந்தச் சாயம் போன நாலாவதும் கால்மிதியும் பிரிமணையுமாச்சு. ஒரு புல்வாயில் சுருக்குப்பைக்கும் பிடிதுணிக்கும் போச்சு, பாலியஸ்டர் கலந்தது மட்டும் ஸ்கூட்டர் மேல போர்த்துறதுக்கு. கண்டாங்கி மூணுல ஒண்ணு நாலு மார்க்கெட் பை. இன்னொண்ணை வெட்டவே இல்ல, தம்பி வீட்டுல ஆவணியில குழந்தை, தொட்டில் கட்ட முழுச் சேலை வேணும், அதுக்கு மிஞ்சின கைவேலை எதுவும் இல்ல.

கடைசிக் கண்டாங்கி அப்பத்தாவோட அரக்குச் சேலை. கரையில ஒரு நூல்கூட விடல. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சு கடையில விலை ஏறிப்போச்சு, இப்படி அழுத்தமா நெஞ்சது இப்போ லேசுல கிடைக்காதுன்னு அம்மா சொன்னாங்க. நான் கத்தரிக்கோலை எடுக்கிறதுக்குள்ள அதை வாங்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிட்டுப் போயிட்டாங்க.